ஈற்றுக்குடாவில் இறங்கியது யார்?

"துப்புங்க!"

பிலோமி கோயில் மெகாபோனைப் பிடுங்கிக் கத்தினாள். பாறையும் முள்ளும் பார்க்காமல் ஓடி வந்ததில் ஒரு செருப்பு வழியிலேயே போய்விட்டது. மூச்சு இன்னும் வந்து சேரவில்லை.

"எல்லாரும் வாய்க்கால் முகத்துக்கு வாங்க! வாயைக் கொப்புளிச்சுக் கடல்ல துப்புங்க! முகம் கழுவுங்க, தலையை நனைங்க, மூக்கைச் சிந்துங்க. எதுவானாலும் சரி, பதினோரு மணிக்குள்ள!"

ஒன்பது திட்டுத் தீவுகளின் மொத்த ஜனமும் அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்திருந்தது. பட்டுச் சேலைகளும் இஸ்திரி போட்ட சட்டைகளுமாக நின்ற கூட்டம், மெகாபோனைப் பிடித்திருந்தவளை ஏற இறங்கப் பார்த்தது. பிலோமி சாதாரண ஆள் இல்லை. திட்டுக் கடலில் என்னென்ன சுறா, என்னென்ன திருக்கை இருக்கிறது என்று கணக்கெடுக்கும் அரசாங்க ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளர். தண்ணீரில் ஒரு வெற்றிலைக் காம்பு மிதந்தால்கூடச் சண்டைக்கு வருகிறவள்.

"என்னட்டி ஆச்சு ஒனக்கு?" என்றாள் கூட்டத்தில் முன்னால் நின்ற பிரகாசி. மீன் ஏலத்தில் அவள் குரலுக்கு விலை ஏறும். "போன மாசம் என் பேரன் கரையில காறித் துப்பினான்னு அந்தக் கத்து கத்தினே. இப்ப நீயே துப்பச் சொல்லுதே?"

"மதினி, விளக்கம் சொல்ல நேரமில்ல."

"நேரமில்லன்னா துப்பவும் எச்சில் இல்ல. நற்கருணை வாங்கின வாயிட்டி இது! ஈரம் காயல. துப்பினா பாவமில்லையா?"

பிலோமிக்கு இடி விழுந்தது போலிருந்தது. கடலோட்டம், அலையின் வேகம், உமிழ்நீரில் எத்தனை செல் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். இதை மட்டும் யோசிக்கவில்லை. நற்கருணை வாங்கியவர்கள் ஒரு பொழுதுக்கு எச்சில் துப்ப மாட்டார்கள். அவள் அம்மாவும் அப்படித்தான். அவளே அப்படித்தான்.

பௌர்ணமிக் கடலேற்றம் தொடங்கிவிட்டது. மற்ற நாளில் குடாவை எட்டாத கரைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஈற்றுக்குடாவுக்குள் மெல்ல இழுபட ஆரம்பித்திருந்தது.

*

காலையில் ஆய்வுக்கூடத்தில் நடந்தது இதுதான்.

துஷ்யந்த் உள்ளே வந்ததும் மேஜை மேல் ஒரு சின்ன கண்ணாடிக் குப்பியை வைத்தார். அவர் திட்டுகளின் கடல் காப்பு ஆணையர். தலைநகரிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகிறது. குப்பிக்குள் அரிசி மணி அளவில் கறுப்பாக ஒன்று.

"இது என்னன்னு தெரியுதா, பிலோமி?"

"குட்டிகளுக்கு நான் போடற அடையாளச் சில்லு."

"ஈற்றுக்குடாவில் பிறந்த பால் சுறாக்குட்டி. முந்தாநாள் வரைக்கும் உயிரோட நீந்திட்டு இருந்தது. நேத்து இதை எங்கே எடுத்தோம் தெரியுமா? இஞ்ஞாசி வீட்டுப் பின்பக்கம், மீன்கழிவு போடற குழியில."

பிலோமி குப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

ஈற்றுக்குடா, திட்டுகளுக்கு நடுவே கண்டல் மரங்கள் வளைத்துக்கொண்ட உப்பங்கழி. முழங்கால் ஆழம்தான். கொம்பன் சுறாவிலிருந்து புள்ளித் திருக்கை வரை, உலகத்தில் வேறெங்கும் எளிதில் கண்ணில் படாத, ரம்ப மூக்கு வேளா மீன் வரை, ஈனுவதற்கு இங்கேதான் வரும். சட்டம் வருவதற்கு முன்பே அதற்குள் யாரும் வலை போட்டதில்லை. சட்டம் வந்த பிறகு காலே வைக்கக் கூடாது. வைத்தால் தீவு விலக்கு. குற்றவாளியைக் குடும்பத்தோடு கப்பலில் ஏற்றிவிடுவார்கள். திரும்பி வர முடியாது.

"இஞ்ஞாசியோட மருமகளுக்குப் போன வாரம் பிரசவம்," என்றார் துஷ்யந்த். "பிள்ளை பெத்தவளுக்கு இங்கே பால் சுறாப் புட்டு கொடுப்பாங்களாமே? பால் ஊறும்னு?"

"கொடுப்பாங்க. சட்டம் வந்ததுக்கப்புறம் விட்டுட்டாங்க."

"விட்டுட்டாங்களா! ஆள் ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்கான். 'நான் எறங்கல'ங்கிறான். அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டேங்கிறான். பரவாயில்லை. தண்ணியே சொல்லட்டும்."

ஜன்னல் வழியே குடாவின் நடுவில் மஞ்சள் மிதவை தெரிந்தது. நீர்ச்சாட்சி. தினமும் பதினோரு மணிக்கு ஒரு மிடறு தண்ணீரை உறிஞ்சி, அதில் கரைந்திருக்கும் செதில், சளி, சிறுநீர்த் துணுக்குகளின் மரபணுவைப் படித்து, இன்று இந்தத் தண்ணீரில் யார் யார் இருந்தார்கள் என்று பெயர் சொல்லும் கருவி. அறுபத்திரண்டு வகைச் சுறாவும் திருக்கையும் பெயர் பெயராக அதில் விழும். அந்தப் பெயர்களையெல்லாம் ஆங்கிலத்தில் வைக்கக் கூடாது, கரையில் வழங்குவதையே வைக்க வேண்டும் என்று சண்டை போட்டு வைத்தவள் பிலோமி. உழுவை, ஆனைத் திருக்கை, வரிப்புலியன் என்று திரையில் வரும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்த மாதிரி இருக்கும்.

"பட்டியல்ல மூடி வச்சிருக்கிற மனுஷ வரியைத் திறக்க உத்தரவு வாங்கிட்டேன்," என்றார் துஷ்யந்த். "பதினோரு மணிச் சொட்டு. ரேஷன் அட்டைக்குப் பிறந்த குழந்தை முதல் எல்லாரும் எச்சில் கொடுத்திருக்காங்க. இந்தத் தீவுல கால் வச்ச அத்தனை பேரும், நான் உட்பட. குடாவுல மனுஷ வாடை நாலஞ்சு நாள் தங்கும்னு நீதானே அறிக்கை கொடுத்தே?"

"சுறாவுக்குன்னு வாங்கின சாட்சி சார் அது."

"சுறாவுக்காகத்தான் பேசுது."

"இன்னைக்குக் குட்டியைப் பிடிச்சவன். நாளைக்கு? எந்தக் கரையில யார் கூடினாங்க, யார் தோணியில யார் போனாங்கன்னு கேப்பீங்க. கடல்ல கால் நனைக்காம இங்க ஒருத்தர் இருக்க முடியாது. மூச்சு விடறதைக் கண்காணிக்கிற மாதிரி இது."

"தப்பு செய்யாதவங்களுக்கு என்ன பயம்? எனக்கும் வீட்டுல ஒரு மாசக் குழந்தை இருக்கு, பிலோமி. அவன் பெரியவனாகும்போது இந்தக் கடல்ல சுறா மிச்சமிருக்கணும். அதுக்காக நான் யாரை வேணும்னாலும் கப்பல்ல ஏத்துவேன்."

கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அவர் போனதும், காலையில் மோந்து வைத்த குடாத் தண்ணீரை ஆய்வுக்கூடக் கருவியில் ஊற்றினாள். மனுஷ வரியைத் தானே தட்டினாள்.

ஒரே ஒரு பெயர் வந்தது.

இரண்டாவது முறையும் ஓட்டிப் பார்த்தாள். அதே பெயர். முடிவை அழித்து, திரையை அணைத்துவிட்டு ஓட ஆரம்பித்தாள்.

*

நீர்ச்சாட்சி பதினோரு மணிக்கு ஆள் பெயர் சொல்லப்போவதை பிலோமி சொல்லி முடித்ததும், "அழிச்சிரேன்," என்றாள் பிரகாசி. "மிஷினு ஒன் கையிலதான இருக்கு?"

"பதினோரு மணிச் சொட்டு நேரா தலைநகருக்குப் போயிரும். என் கைக்கே வராது மதினி. தடுக்க முடியாது. கலக்கத்தான் முடியும். ஒருத்தர் பேரு இருந்தா அவங்க குற்றவாளி. எல்லார் பேரும் இருந்தா?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொன்னார்கள். ஆனாலும் யாரும் தண்ணீரை நோக்கி நகரவில்லை. எல்லார் கண்ணும் கோயில் வாசலைப் பார்த்தது.

பங்குச் சாமியார் கஸ்பார் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு. பிரசங்கத்தில் சுருக்கம் தெரியாதவர்.

"சாமி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றாள் பிலோமி. "துப்பலாமா, கூடாதா?"

கஸ்பார் சாமி படியிறங்கி வந்தார். அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினார். கூட்டம் விலகியது. வாய்க்கால் முகத்தில் இறங்கி, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி வாய் நிறைய ஊற்றி, கன்னம் உப்ப உருட்டி, கடலைப் பார்த்துப் பீய்ச்சினார்.

"ஆண்டவர் குருடனுக்கு எதைக்கொண்டுல பார்வை குடுத்தாரு?" என்றார் திரும்பி. "மண்ணுல உமிஞ்சுதான! ஞானோபதேச வகுப்புல தூங்கினியளா எல்லாரும்? எறங்குங்கல!"

அவர் வாழ்க்கையின் மிகச் சுருக்கமான பிரசங்கம் அது.

கரை கடலுக்குள் சரிந்தது. பட்டுச் சேலைகள் நனைந்தன. கிழவிகள் பல் இல்லாத வாயால் கொப்புளித்தார்கள். இளவட்டங்கள் யார் தூரமாகத் துப்புவது என்று பந்தயம் கட்டினார்கள். கைக்குழந்தைகளின் காலைத் தாய்மார் தண்ணீரில் அலசினார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் தலைமுங்கி எழுந்து, முடியைப் பிழிந்தார்கள்.

"ஏ மக்கா, மூக்குப்பொடிக்காரங்க இந்தப் பக்கம் வாங்க! உங்ககிட்டதான் சரக்கு சாஸ்தி!" என்று பிரகாசி ஏலக் குரலில் கூவினாள்.

இஞ்ஞாசியின் மனைவி சலேத்து மட்டும் சிரிக்கவில்லை. சொம்பில் தண்ணீர் மோந்து மருமகளின் முகத்தைக் கழுவிவிட்டு, அந்தத் தண்ணீரைக் கவனமாக வாய்க்காலில் ஊற்றினாள். புருஷன் ஸ்டேஷனில் இருக்கிறான். அவள் முகம் கல்லாக இருந்தது.

அப்போது ஜீப் வந்தது.

"நிறுத்துங்க!" துஷ்யந்த் பாதி ஓட்டத்திலேயே குதித்தார். பின்னால் கான்ஸ்டபிள் பொன்னுலிங்கமும் நாலு போலீஸ்காரர்களும். "பாதுகாக்கப்பட்ட கடலை அசுத்தம் பண்றது குற்றம்! எல்லாரும் வெளியே வாங்க!"

"குடா எல்லைக்குப் போட்ட வெள்ளை மிதவைக்கு வெளியதான் ஐயா நிக்கோம்," என்றாள் பிரகாசி. "இது எங்க குளிக்கிற கரை. குளிக்கிறதுக்கும் சட்டம் போட்டாச்சா?"

"நீங்க குளிக்கல. துப்பறீங்க!"

"போன வருசம் கப்பல்காரன் கறுப்பு எண்ணெயைக் கொட்டிட்டுப் போனானே, அவன் பேரைத் தண்ணி சொல்லலியா? எங்க எச்சில்தான் ஒங்க மிஷினுக்கு ருசியா இருக்கோ?"

கரை முழுக்கச் சிரித்தது. துஷ்யந்தின் காது சிவந்தது. "பொன்னுலிங்கம், இவங்களைக் கலைங்க!"

பொன்னுலிங்கம் ஏதோ சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. வாய் நிறைய வெற்றிலை. அவசரமாகத் திரும்பி, பழக்க தோஷத்தில், கடலில் துப்பினார்.

அவ்வளவுதான். கை தட்டலில் கடற்காகங்கள் எழுந்து பறந்தன.

"மன்னிக்கணும் சார்," என்றார் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டே. "வாய் நிறைஞ்சு போச்சு."

துஷ்யந்த் பிலோமியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட அதிகமாகக் காயம் இருந்தது. "நீயா பிலோமி? அத்தனை பேர்ல நீயா? மனுஷ எச்சில் கொட்டினா சுறா வரியும் சேர்ந்து குழம்பிப் போகும். உன் அறுபத்திரண்டும் இன்னைக்கு அவுட். தெரிஞ்சுதான் செய்யறியா?"

அது அவளுக்கும் தெரியாது. குழம்பலாம், குழம்பாமலும் போகலாம். இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட விடுபடாத பதிவு.

"தெரிஞ்சுதான்," என்றாள்.

கரை மேட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்துகொண்டிருந்தாள். தோளில் துணி போர்த்திய குழந்தை. துஷ்யந்தின் மனைவி தாரிணி. குவார்ட்டர்ஸை விட்டு வெளியே வந்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. கூட்டம் பேச்சை நிறுத்தியது.

"நீ எதுக்கு வந்தே?" என்றார் துஷ்யந்த். "வெயில்ல குழந்தையைத் தூக்கிட்டு? வீட்டுக்குப் போ."

தாரிணி அவரைத் தாண்டிப் போனாள். செருப்போடு தண்ணீரில் இறங்கினாள். சலேத்து கை நீட்ட, குழந்தையை அவளிடம் கொடுத்தாள். குனிந்தாள். ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் ஊற்றி, கொப்புளித்து, புருஷனின் கண்ணைப் பார்த்தபடி துப்பினாள்.

"அம்மாவும் நம்ம கட்சில!" என்று எவனோ ஒருவன் குரல் கொடுத்தான்.

துஷ்யந்த் தலையைத் திருப்பிக்கொண்டார். குடாவின் நடுவே மஞ்சள் மிதவையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு சின்ன உறுமல். நீர்ச்சாட்சி தன் மிடறைக் குடித்தது.

மணி பதினொன்று.

*

பெயர்கள் துஷ்யந்தின் கைத்திரையில் மழைபோல் விழுந்தன. பிரகாசி. கஸ்பார். பொன்னுலிங்கம். சலேத்து, அவள் மருமகள், பிறந்து ஒரு வாரம் ஆன அவள் பேத்தி. விரலால் தள்ளத் தள்ள முடியவில்லை. திட்டுகளின் மொத்த ஜனத்தொகையும் தடை செய்யப்பட்ட ஈற்றுக்குடாவுக்குள் அத்துமீறி நுழைந்ததாக அரசாங்கத்தின் அசைக்க முடியாத சாட்சி உறுதியாகச் சொன்னது. பிறகு மனுஷ வரி திணறி நின்றது.

தலைநகரிலிருந்து அழைப்பு வர அதிக நேரம் ஆகவில்லை. அவர் ஜீப்பின் அந்தப் பக்கம் போய்ப் பேசினாலும், எதிர்முனையின் கத்தல் கரை வரைக்கும் கேட்டது.

"மொத்தத் தீவையுமா மிஸ்டர்? எத்தனை கப்பல் அனுப்பச் சொல்றீங்க? பேப்பர்க்காரன் கேட்டா என்ன சொல்றது, ஒரு வாரக் குழந்தை சுறா பிடிச்சதுன்னா? அந்த வரியை மூடுங்க! இனிமே எந்தக் கடல்லயும் அதைத் திறக்கக் கூடாது!"

மத்தியானத்துக்குள் இஞ்ஞாசியை விட்டுவிட்டார்கள். அறுபது வயது, ஒல்லி உடம்பு, ஒரு நாள் தாடி. ஸ்டேஷன் படி இறங்கி வந்தவர் கூட்டத்தைப் பார்த்து, "என்னல எல்லாரும் நனைஞ்சு கெடக்கிய, மழையா?" என்றார். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பிலோமி ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள். திரையைப் போட்டாள். மனுஷ வரி கிடந்த இடத்தில் இருட்டு. அதற்குக் கீழே, ஒன்றன் பின் ஒன்றாக, எதுவுமே நடக்காதது போல: கொம்பன். உழுவை. மின்திருக்கை. புள்ளித் திருக்கை. பால் சுறா. கடைசியில் வேளா. அறுபத்திரண்டும் குழம்பவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

வாசலில் நிழல் விழுந்தது. துஷ்யந்த்.

"உன்னை வேலையை விட்டு எடுத்தாச்சு," என்றார்.

"தெரியும் சார்."

"ஒரே ஒரு கேள்வி. காலையில நான் போனதும் இந்தக் கருவியில மனுஷ வரியை ஓட்டியிருக்கே. ரெண்டு தடவை. ஓட்டின தடம் இருக்கு, முடிவு இல்ல. அழிச்சிருக்கே." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "யாருக்காக இத்தனை ஆட்டம்? இஞ்ஞாசிக்காகவா?"

"இஞ்ஞாசி அண்ணன் பேரு அதுல இல்ல."

"சில்லு அவன் வீட்டுக் குழியில கிடந்தது!"

"சமைச்சது சலேத்து மதினி. கரையில என்கிட்ட மட்டும் சொன்னாங்க. அதை மறுக்கல. சுறா பிடிச்சது தப்பு, அதையும் மறுக்கல. குடாவுல ஒரு குட்டி குறைஞ்சா உங்களைவிட எனக்குத்தான் வலிக்கும். ஆனா மதினி அதைத் தன் மருமகளுக்குச் சமைக்கல. அந்தப் பொண்ணுக்குத் தாராளமாப் பால் சுரக்குது. வேற ஒருத்தி குட்டியைத் துண்டுல சுத்திக்கிட்டு, நனைஞ்ச சேலையோட வந்து வாசல்ல நின்னு அழுதிருக்கா. என்ன பண்ணணும்னு தெரியல, பிள்ளை பட்டினின்னு."

"இஞ்ஞாசிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஸ்டேஷன்ல வாயை மூடிட்டு இருந்தானா? குடும்பத்தோட கப்பல்ல போயிருப்பானே!"

"பிள்ளை பெத்தவளுக்குக் கொடுத்ததை வெளியே சொல்ற பழக்கம் இங்க இல்ல சார். நானும் சொல்லியிருக்க மாட்டேன். பேசாம உக்காந்திருந்தா போதும், உங்க சாட்சியே பதினோரு மணிக்கு எனக்காக ஜெயிச்சுக் கொடுத்திருக்கும். ஆனா அப்படி ஜெயிச்சா அந்த வரி என்னைக்கும் மூடாது."

"எனக்குப் புரியல," என்றார் துஷ்யந்த். ஆனால் குரல் இறங்கியிருந்தது. "யாரு அவ?"

பிலோமி எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். ஜன்னலுக்கு வெளியே ஈற்றுக்குடா வெயிலில் பளபளத்தது. அதன் கரையில், பின்கதவு நேராகத் தண்ணீருக்குத் திறக்கும்படி, ஒரே ஒரு வீடு. அரசாங்கச் சுண்ணாம்பு அடித்த வீடு.

"முந்தாநாள்லேர்ந்து உங்க பையன் ராத்திரியில அழலியே," என்றாள். "ஏன்னு கேட்டுப் பாத்தீங்களா, சார்?"